அந்த நாற்காலியிலிருந்து அவரை இறக்குவது யார்?

கேள்வி: அம்மா, நான் மும்பை செம்பூரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். தனியார் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். எங்கள் இயக்குநர் குழுவில் உள்ள ஒருவருடைய மனைவியின் தம்பி ஒரு நிறுவனம் நடத்துகிறார். அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பெரிய கடன் வாராக்கடனாகும் நிலையில் இருக்கிறது. காலாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அதே குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்குப் புதுக் கடன் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் சுற்றி வந்து பழைய கடனின் வட்டியைக் கட்டுகிறது. இம்முறை ஒப்புதல் குறிப்பை நான் எழுத வேண்டும். என் துறைத் தலைவர், "மேலே பேசியாகிவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார். தகுதியில்லாத இயக்குநர்களை ரிசர்வ் வங்கி நீக்கலாம் என்று படித்திருக்கிறேன். உண்மையில் அப்படி நடக்கிறதா? அரசு வங்கியில் இருக்கும் என் நண்பன், "அதெல்லாம் காகிதத்தில்தான்" என்கிறான். நான் எழுதிப் போட்டால் என் வேலை என்ன ஆகும்? என் மனைவி வேலை செய்யும் வங்கி சாரா நிதி நிறுவனத்துக்கும் இதே சட்டம்தானா? என் அப்பா, "ஊர் வம்பு நமக்கு எதற்கு" என்கிறார். என்னிடம் எங்கள் வங்கியின் பங்குகள் கொஞ்சம் உள்ளன. அவற்றை இப்போதே விற்றுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செம்பூர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவற்றை யோசித்துச் செய்ய அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. பங்குகளை விற்காதீர்கள். ஒன்றைக்கூட விற்காதீர்கள். வெளியுலகுக்குத் தெரியாத, தெரிந்தால் பங்கு விலையை அசைக்கக்கூடிய ஒரு செய்தி உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விற்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளின்படி குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தப் புகாரையும், "பங்கை விற்றுவிட்டு வந்து பேசுகிறார்" என்ற ஒரே வாக்கியத்தால் அடித்துவிடுவார்கள். மனைவியின் கணக்கிலோ அப்பாவின் கணக்கிலோ இருந்தாலும் இதே பதில்தான்.

இனி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் தன்னுடைய வங்கியைப் பற்றிச் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. 2018 மார்ச்சில், பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்த சூட்டோடு, அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் காந்திநகரில் ஆற்றிய உரையில் இதை வெளிப்படையாகவே சொன்னார். தனியார் வங்கிகளின் இயக்குநர்களையும் நிர்வாகத்தையும் நீக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு, அதைத் தரும் 36-ஏஏ என்ற சட்டப் பிரிவு அரசு வங்கிகளுக்குப் பொருந்தாது என்பது அவர் வைத்த குறை. அரசு வங்கியில் நியமிப்பதும் நீக்குவதும் மத்திய அரசு. நண்பர் அந்தக் கூரையின் கீழே நின்று பார்ப்பதால் அவருக்கு அப்படித் தெரிகிறது. உங்கள் வங்கி தனியார் வங்கி. உங்களுக்கு விஷயம் வேறு.

வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இல் வந்தது. ஆனால் நாம் பேசும் 36-ஏஏ பிரிவு அப்போது அதில் இல்லை. 1963-இல், ஒரு திருத்தச் சட்டம் வழியாகச் சேர்க்கப்பட்டது. தொழிலதிபர்கள் வங்கியையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு, ஊராரின் சேமிப்பைத் தங்கள் நிறுவனங்களுக்கே கடனாகத் திருப்பிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. அதாவது, உங்கள் மேசையில் இப்போது கிடக்கும் கோப்பைப் போன்ற கோப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. எத்தனை பழைய நோய் பாருங்கள்.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? பொதுநலனுக்காகவோ, டெபாசிட்தாரர்களுக்குக் கேடு வராமல் தடுக்கவோ, வங்கியின் நிர்வாகம் ஒழுங்காக நடக்கவோ அவசியம் என்று ரிசர்வ் வங்கி கருதினால், காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, ஓர் ஆணையின் மூலம் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கலாம். யாரையெல்லாம்? தலைவர், இயக்குநர், தலைமைச் செயல் அதிகாரி, அத்துடன் "வேறு எந்த அதிகாரியும் ஊழியரும்". இந்தக் கடைசிச் சொற்களை இன்னொரு முறை படியுங்கள். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமான பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். துறைத் தலைவரும் அதில் அடங்குவார். கையெழுத்துப் போடும் மேலாளரும் அடங்குவார்.

நீதிமன்றத் தண்டனை வந்த பிறகுதான் இதைச் செய்ய முடியும் என்ற எண்ணமும் தவறு. திவாலானவரையும், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரையும் வங்கி வேலைக்கு வைக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. 36-ஏஏ அப்படி எதையும் கேட்கவில்லை. குற்றவியல் வழக்கு பத்து ஆண்டுகள் நடக்கலாம். அதுவரை டெபாசிட்தாரரின் பணம் காத்திருக்க முடியாது. நீக்கம் என்பது தண்டனை அன்று. மாடு பயிரை மேயும்போது முதலில் செய்ய வேண்டியது மாட்டை ஓட்டுவது. அது யாருடைய மாடு, அபராதம் எவ்வளவு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அதற்காக யாரையும் நினைத்த மாத்திரத்தில் தூக்கி எறிந்துவிட முடியாது. நீக்கப்படப்போகிறவருக்குத் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். இந்த இடத்தில் சட்டத்தை எழுதியவர்கள் ஒன்றை நன்றாக யோசித்திருக்கிறார்கள். அவர் பதில் எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களில்தானே ஆவணங்கள் மாயமாகும், மிச்சக் கடனும் கைமாறும்? ஆகவே, தாமதம் கேடு தரும் என்று ரிசர்வ் வங்கி கருதினால், விளக்கம் கேட்கும்போதே, "முடிவு வரும்வரை நீங்கள் அந்தப் பதவியில் செயல்படக்கூடாது" என்று இடைக்கால ஆணையிடலாம். இறுதி ஆணை வந்தால், 30 நாட்களுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசின் முடிவே இறுதி என்று சட்டம் சொல்கிறது; ஆனாலும் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் கதவை யாராலும் முழுதாக அடைத்துவிட முடியாது. நீக்கப்பட்டவர் அந்த வங்கியில் மட்டுமல்ல, எந்த வங்கியின் நிர்வாகத்திலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஆணையில் குறிப்பிடும் காலத்துக்கு ஈடுபடக்கூடாது. அது அதிகபட்சம் 5 ஆண்டுகள். பதவி போனதற்காக இழப்பீடு கேட்கவும் முடியாது. அந்த இடத்தில் ரிசர்வ் வங்கியே தகுதியான ஒருவரை அமர்த்தலாம்.

இவ்வளவு கூர்மையான கத்தியை ஏன் அடிக்கடி பார்க்க முடிவதில்லை என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உறையிலிருந்து எடுக்காமலேயே காரியம் முடிந்துவிடுகிறது. தனியார் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியை நியமிக்க, மீண்டும் நியமிக்க, பதவியிலிருந்து நீக்க, எல்லாவற்றுக்கும் 35-பி பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். அனுமதியை மறுத்தால் போதும், ஆள் வெளியே. யெஸ் வங்கியின் நிறுவனர்களில் ஒருவரான ராணா கபூர் மேலும் மூன்று ஆண்டுகள் தலைமைச் செயல் அதிகாரியாக நீடிக்க வங்கியின் குழுவும் பங்குதாரர்களும் விரும்பினார்கள். 2018 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, 2019 ஜனவரி 31 வரை மட்டும் என்று கோடு கிழித்தது. நீக்க ஆணை என்ற பெயரில் எதுவும் வெளிவரவில்லை. இன்னொரு வழி, 36-ஏபி பிரிவின் கீழ் குழுவுக்குள் ரிசர்வ் வங்கி தன் சார்பில் கூடுதல் இயக்குநரை உட்கார வைப்பது. 2019 மே மாதம் அதே யெஸ் வங்கியில் முன்னாள் துணை ஆளுநர் ஆர். காந்தியை அப்படி உட்கார வைத்தார்கள். 2021 டிசம்பரில் ஆர்பிஎல் வங்கியில் ரிசர்வ் வங்கியின் அதிகாரி ஒருவர் கூடுதல் இயக்குநராக வந்த சமயத்திலேயே, அதன் தலைமைச் செயல் அதிகாரி விடுப்பில் சென்றார்.

ஒருவர் இருவர் அல்ல, குழுவே கெட்டுப்போய்விட்டது என்றால் 36-ஏசிஏ. முழு இயக்குநர் குழுவையும் கலைத்துவிட்டு ஒரு நிர்வாகியை அமர்த்தும் பிரிவு அது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. முதலில் ஆறு மாதம், மொத்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் போகக்கூடாது. 2020 மார்ச் 5-ஆம் தேதி மாலை யெஸ் வங்கிக்கு அதுதான் நடந்தது. ஸ்டேட் வங்கியின் முன்னாள் துணை நிர்வாக இயக்குநர் பிரசாந்த் குமார் நிர்வாகியாக வந்தார். டெபாசிட்தாரர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் மார்ச் 18 மாலை வரை தவித்தார்கள். மும்பையில் அந்த இரண்டு வாரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாதுங்காவில் எங்கள் தெருவில் மருந்துக் கடைக்காரர், சம்பளம் அந்த வங்கிக் கணக்கில் விழுகிறவர்களுக்கெல்லாம் கடனுக்கு மாத்திரை கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2019 செப்டம்பரில், பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதல் நாள் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். கிளை வாசலில் நின்றவர்களின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை.

என் மனத்தை இன்னும் அதிகமாக அரிப்பது கரூர்க் கதை. 1926-இல் கரூர் வணிகர்கள் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, கொங்கு நாட்டுக் குடும்பங்களில் வீட்டுப் பிள்ளை மாதிரி. தாத்தா வாங்கிய பங்கைப் பேரனுக்குச் சீராகக் கொடுப்பார்கள். 2020 செப்டம்பர் 25-ஆம் தேதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் தலைமைச் செயல் அதிகாரி உள்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்தே வெளியேற்றினார்கள். இரண்டு நாளில் ரிசர்வ் வங்கி மூன்று இயக்குநர்கள் கொண்ட குழுவிடம் அன்றாட நிர்வாகத்தை ஒப்படைத்தது. நவம்பர் 17-ஆம் தேதி குழு கலைக்கப்பட்டு, 25,000 ரூபாய் வரம்பு வந்தது. அந்த மாதம் 27-ஆம் தேதி வங்கி டிபிஎஸ் இந்தியாவுடன் இணைந்தது. டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்குகள்? முழுவதும் இல்லையென்று எழுதப்பட்டன. என் பெரியம்மாவின் பீரோவில் அந்தச் சான்றிதழ்கள் இப்போதும் இருக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை என்கிறார். பங்குதாரர்கள் எழுந்து நின்று நீக்கினார்கள், ஆனால் பல ஆண்டுகள் தாமதமாக எழுந்தார்கள். கடன் குறிப்புகளில் கையெழுத்து விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஏதாவது ஒரு மேசையில் யாராவது ஒருவர் "இல்லை" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என் கண் "நீக்க முடியுமா" என்பதில் நிற்கவில்லை. "நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்பதில் நின்றது.

வழக்கறிஞராக வருவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் இருந்தேன். அங்கே ஓர் அதிகாரி, நல்ல மனிதர், இப்படித்தான் ஒரு குறிப்பில் "மேலிட அறிவுறுத்தலின்படி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த இரண்டு சொல் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினார். விசாரணை வந்தபோது அறிவுறுத்திய மேலிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றது. கோப்பில் இருந்தது அவர் பெயர் மட்டும். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது வேலை போயிற்று. அந்தச் சொற்களை நீங்கள் எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. குறிப்பை எழுத மறுக்க வேண்டாம், உண்மையை எழுதுங்கள். கடன் கேட்கும் நிறுவனத்துக்கும் பழைய கடனாளி நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு, முந்தைய காலாண்டுகளில் பணம் விடுவிக்கப்பட்ட தேதி, அதே வாரத்தில் பழைய கணக்கில் வட்டி வரவான தேதி, தொகை. அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தாலே படிப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இறுதியில், "மேற்கண்ட காரணங்களால் பரிந்துரைக்க இயலவில்லை" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். துறைத் தலைவர் அதை மீறி ஒப்புதல் தரட்டும். அப்போது அவர் தன் பேனாவால் தர வேண்டியிருக்கும். வாய்மொழியாக அழுத்தம் தந்தால், அன்று மாலையே அலுவலக மின்னஞ்சலில், "இன்று நாம் பேசியபடி, நான் பின்வரும் காரணங்களால் பரிந்துரைக்கவில்லை" என்று பணிவாக நான்கு வரி அனுப்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இயக்குநர் மோசடி செய்கிறார்" என்று எங்கும் எழுதாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது பணம் போன வழி மட்டும். உறவினர் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தது என்பதாலேயே அது சட்டவிரோதமாகிவிடாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுப்பது இயக்குநருக்கும், அவர் தொழில் கூட்டாளியாகவோ உத்தரவாதம் தருபவராகவோ இருக்கும் அமைப்புக்கும், அவருக்குக் கணிசமான நலன் உள்ள நிறுவனத்துக்கும் கடன் தருவதை. உறவினர் விஷயம் ரிசர்வ் வங்கியின் விதிகளில் வருகிறது. 2021-இல் அந்த உறவினர் பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தவரும் இருந்தார். அந்த ஆண்டு திருத்திய விதிப்படி, அவர்களுக்கு நலன் உள்ள நிறுவனங்களுக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் என்றால் இயக்குநர் குழுவோ நிர்வாகக் குழுவோ ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அதற்குக் கீழே என்றால் உரிய அதிகாரி தரலாம், ஆனால் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. சம்பந்தப்பட்ட இயக்குநர் தன் நலனை வெளிப்படுத்தி, அந்த விவாதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, உறவு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பது. உங்கள் வங்கியின் நடப்புக் கொள்கை ஆவணத்தையும் எடுத்து, எந்தத் தொகைக்கு யார் ஒப்புதல் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிவிக்கப்படவில்லை என்றால், அந்த இயக்குநரின் காலடியில் நிலம் நழுவிவிட்டது. 2004-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, தனியார் வங்கி இயக்குநர் ஒவ்வொருவரும் தன் தகுதியையும் நேர்மையையும் பற்றி உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-ஆம் தேதி நிலவரப்படி, முன்பு தந்த விவரங்களில் மாற்றமில்லை என்று மீண்டும் எழுதித் தர வேண்டும். மறைத்தவர் தன் கையாலேயே ஆண்டுதோறும் மறைத்திருக்கிறார். தகுதியை அளக்கும்போது கடன் மோசமானதா என்பது வாதத்துக்குரியது. வியாபாரம் நொடிக்கலாம் என்று சொல்லித் தப்பலாம். தன் கையெழுத்தில் பொய் இருந்தால் அப்படிச் சொல்ல இடமில்லை.

இனி, யாரிடம் சொல்வது? பங்குச் சந்தையில் பட்டியலிட்ட வங்கி என்பதால், நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி உங்கள் வங்கியில் முறைகேடுகளைத் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கும். தகுந்த நேரங்களில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் அதில் வழி உண்டு. அந்த இயக்குநரே தணிக்கைக் குழுவில் இருந்தாலோ, தலைவருக்கு நெருக்கமானவர் என்றாலோ, அந்த வாசலை விட்டுவிட்டு ரிசர்வ் வங்கிக்குப் போங்கள். தனியார் வங்கிகளுக்காகவும் வெளிநாட்டு வங்கிகளுக்காகவும் 2007 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பாதுகாக்கப்பட்ட புகார்த் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஊழியர், வாடிக்கையாளர், பொதுமக்கள் யாரும் அதில் எழுதலாம். மூடிய உறையில், அந்தத் திட்டத்தின் கீழ் வரும் புகார் என்று மேலே குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். உள்ளே உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பெயரில்லாத கடிதத்தை இந்தத் திட்டத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயரை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. அனுப்பும் முன் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இப்போதைய முகவரியையும் நடைமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் போட்ட பிறகு மாதக்கணக்கில் பதில் வராது. மனம் தளராதீர்கள், அவர்கள் உங்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்குத்தான் ஆபத்து.

ஆவணங்களின் நகலை எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். வேண்டாம். வாடிக்கையாளரின் கோப்பைக் கைபேசியில் படமெடுப்பது, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, பென் டிரைவில் எடுத்துப்போவது எதுவும் வேண்டாம். வங்கியின் ரகசியத்தை மீறினார் என்ற ஒரே காரணத்தால் உங்களை நாளைக்கே வெளியே அனுப்ப அது போதும். கணக்கு எண், குறிப்பு எண், கடன் குழு கூடிய தேதி, பணம் விடுவித்த தேதி ஆகியவற்றைத் துல்லியமாக எழுதினால் போதும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ் ஆய்வுக்கு வரும் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் கேட்டால், இயக்குநர் முதல் எழுத்தர் வரை எல்லோரும் புத்தகங்களை எடுத்து வைத்தாக வேண்டும். எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை; திறப்பது அவர்கள் வேலை.

உங்கள் வேலையைப் பற்றிப் பொய்யான தைரியம் தர எனக்கு மனமில்லை. பழிவாங்கல் நடந்தால் ரிசர்வ் வங்கியிடம் முறையிடலாம்; ஊழியர் மீது நடவடிக்கை எடுக்காதபடி வங்கிக்கு அறிவுறுத்த அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இடமாற்றம் வரலாம், மதிப்பீட்டில் மதிப்பெண் குறையலாம், கேன்டீனில் பேச்சு நிற்கலாம். தனியார் வங்கி ஊழியர் என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு வேலையைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சர், தன் பணிநீக்கத்துக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லை என்று வாதிட்டபோது, இது தனியார் நிறுவனத்துடனான ஒப்பந்தத் தகராறு, ரிட் மனுவில் வராது என்று 2020 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அவருக்கே அந்தக் கதவு திறக்கவில்லை என்றால் நமக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஆறு மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். கடந்த ஆண்டுகளின் மதிப்பீட்டுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் உங்களுடைய சொந்த ஆவணங்கள். அவற்றைத் தாராளமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இருந்தும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். கையெழுத்துப் போட்டால் வேலை பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். 36-ஏஏ பிரிவில் "ஊழியர்" என்ற சொல் இருக்கிறது, தம்பி.

உங்கள் மனைவியின் நிறுவனத்துக்குச் சட்டம் வேறு. வங்கி சாரா நிதி நிறுவனங்களின் இயக்குநர்களை நீக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு 2019 ஆகஸ்டில்தான் கிடைத்தது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-ஐடி பிரிவு அது, அடுத்துள்ள 45-ஐஇ குழுவையே கலைக்க உதவுவது. அதே ஆண்டு நவம்பரில் திவான் ஹவுசிங் நிறுவனத்திலும், 2021-இல் ஸ்ரெய், ரிலையன்ஸ் கேபிடல் நிறுவனங்களிலும் குழுக்கள் கலைக்கப்பட்டன. அரசு நிறுவனங்கள் இதில் அடங்கா. காப்பீட்டு நிறுவனம் என்றால் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-பி.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொல்வது கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள்; பிழைக்க வந்த ஊரில் தலையைக் குனிந்து குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறையின் அச்சம் அது. அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய ஓய்வுப் பணம் எந்த வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வங்கியில் உங்களைப் போன்ற ஒரு மேலாளர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

குறிப்பை எழுதிச் சமர்ப்பித்த பிறகு, அதற்கு வரும் பதில்களை மூன்று நாள் கவனியுங்கள். மறுபடியும் மாற்றி எழுதச் சொன்னால், அன்றே ரிசர்வ் வங்கிக்கு உறையை அனுப்புங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்து அஞ்சலகம் வேண்டாம், செம்பூரிலேயே அனுப்புங்கள். ரசீதை அப்பாவிடம் கொடுத்து வையுங்கள்.